மூன்றாவது பேஸில் யாரும் இல்லை

வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு கிடங்கின் வாசலில் காவலாளி. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்களே தவிர, கதவைத் திறங்கள் என்று வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டார்கள். வீட்டில் சொல்லவே வேண்டாம், மிக்ஸி சத்தத்துக்கு இருக்கும் மரியாதைகூட அவர் பேச்சுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், நடுவராக முகக்கூண்டை மாட்டிக்கொண்டு சாஃப்ட்பால் மைதானத்தில் நின்று அவர் கையை மடக்கித் தூக்கினால் இரண்டு அணிப் பெண்களும் கப்சிப். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

கூட நிற்கும் இன்னொரு நடுவர், அவருடைய மனைவியின் தம்பி; அச்சகத்தில் வேலை. நடுவர் இரண்டு பேர், ஓடுகிறவள் தொட்டுச் சுற்றி வர வேண்டிய பேஸ் நான்கு. பங்கு பிரித்துத்தான் ஆக வேண்டும். காவலாளிக்குப் பந்தடிக்கும் இடமான ஹோம், மச்சினனுக்கு முதலும் இரண்டும். மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. முதல் பேஸில் ஓட்டக்காரி நிற்கும்போது பந்து தூரத்துக்குப் போனால், ஹோமில் நிற்பவர் "மூணு எனக்கு!" என்று கத்திக்கொண்டு அங்கே ஓட வேண்டும். அந்தக் குரல் காதில் விழுந்துவிட்டால் மற்றவர் மூன்றாவது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பந்தடித்தவள் மேலேயே கண்ணாக இருப்பார். மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

பிசகியது முழங்கால். கிடங்குப் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து நாலு எட்டு ஓடினால் மடங்கிவிடுகிறது. சாஃப்ட்பால் சங்கச் செயலாளருக்குத் தெரிந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். மச்சினன்தான் வழி சொன்னான்.

"அத்தான், நீங்க ஹோமை விட்டு நகராதீங்க. மூணையும் நானே பாத்துக்கறேன். வாயை மட்டும் திறக்காதீங்க."

"உன்னால முடியுமாடா?"

"முடிஞ்சுதான் ஆகணும். ஞாயித்துக்கிழமையும் நீங்க வீட்ல உக்காந்தா அக்கா என்னைத்தான் திட்டுவா."

நாக்குத் தள்ள ஓடினான், பாவம். பருவத்தின் கடைசி ஆட்டம்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசி ஆட்டத்துக்குச் செயலாளரே வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்தார். முதல் பேஸில் ஓட்டக்காரி. அடித்த பந்து வலது மூலைக்குப் பறந்தது. காவலாளி கூண்டைக் கழற்றினார். மறந்தார் என்று சொல்ல முடியாது, வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"மூணு எனக்கு!"

மூன்றாவதை நோக்கிக் கிளம்பியிருந்த மச்சினன் குரல் கேட்டதும் சட்டென்று இரண்டாவது பேஸுக்குத் திரும்பினான். அவனுக்கும் பழக்க தோஷம். காவலாளி நாலு எட்டு ஓடினார், கால் மடங்கியது. எதிரே மூன்றாவதில் ஓட்டக்காரி சறுக்கி விழுந்தாள், பந்து வைத்திருந்தவள் அவள்மேல் பாய்ந்தாள், புழுதி கிளம்பியது. அது அடங்கியபோது இருவரும் தலையைத் தூக்கி நடுவரைத் தேடினார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, பாதி தூரத்திலிருந்தே காவலாளி கையைத் தூக்கினார்.

"அவுட்!"

"அங்கேருந்து என்னங்க தெரிஞ்சுது? ஜோசியமா பாக்கறீங்க?" என்றார் ஓட்டக்காரியின் பயிற்சியாளர். திட்டியிருந்தால் காவலாளி தாங்கியிருப்பார். மைதானமே சிரித்தது. அவருக்கு அழுகை வந்தது.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் வந்தார். "அத்தானுக்கு வெயில்ல லேசா தலை சுத்தல் சார்," என்றான் மச்சினன் முந்திக்கொண்டு.

"சரி, இப்ப வெயில் இல்லையே. மூணாவது வரைக்கும் ஓடிக் காட்டுங்க," என்றார் செயலாளர்.

ஓடினார். பாதியில் விழுந்தார். கையை ஊன்றி எழுந்து, காலை இழுத்துக்கொண்டே போய் பேஸை மிதித்தார். போய்ச் சேர்ந்துவிட்டதைக் காட்டக் கையை உயர்த்தித் திரும்பினால், செயலாளர் அவருக்கு முதுகைக் காட்டி, மச்சினனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த பருவத்துக்கு உங்களோட யாரைப் போடட்டும்?"

மச்சினன் அத்தானை ஒருமுறை பார்த்தான்.

"யாரா இருந்தாலும் சரி சார். ஓடற ஆளா போடுங்க."