ஏழாவது ராணியின் பை

ராணிகளுக்குத் துணி தைப்பதில் ஒரு நிம்மதி உண்டு. எந்த ராணியும் திரும்பி வந்து, இடுப்பில் இறுக்குகிறது, தோளில் தொளதொளக்கிறது என்று குறை சொல்ல மாட்டாள். சித்தி இதை வாயில் நான்கு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு சொல்வாள். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி அவள் வீடு. அதே வரிசையில் நான்கு கதவு தள்ளி எங்கள் வீடு. அம்மாவுக்கு ஒரே தங்கை. எனக்குப் பத்து வயதான ஆண்டில், எங்கள் தமிழ்ப்பள்ளி விழாவுக்கு ஆறு ராணிகளை உடுத்தி அனுப்பும் பொறுப்பு அவளிடம் வந்தது. அந்த ஆறு ராணிகளின் தயவில் தன் புருஷனிடமிருந்து தப்பித்துப் போய்விட அவள் திட்டம் போட்டிருந்தாள். அதைக் கெடுத்தவள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் எனக்காகப் பரிதாபப்பட்டுவிட வேண்டாம்.

சித்தப்பாவுக்கு ஜுருவில் ஒரு கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலை. பார்த்தால் தங்கமான மனிதர். லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் வயதானவர்களின் பசார் பைகளை ஒன்பது மாடிக்கும் தூக்கிக்கொண்டு வருவார். எனக்கு வாரம் ஒருமுறை, தேங்காய்ப்பாலும் பனிக்கட்டியும் பயறும் போட்ட செண்டோல் வாங்கித் தருவார். சித்தியோ அடிக்கடி வழுக்கி விழுகிறவள். குளியலறையில் விழுவாள், அடுப்படியில் விழுவாள், ஒருமுறை கூடத்தில் நின்ற இடத்திலேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஒரே கட்டடம், ஒரே சிமெண்டுத் தரை, எங்கள் வீட்டில் யாரும் விழுந்ததில்லை. அந்த வீட்டுத் தரை மட்டும் ஏன் அப்படி வழுக்குகிறது என்று நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு விடை தெரியும்.

"கொஞ்சம் பொறுத்துப் போலா. மனுஷனுக்குக் கோபம் மட்டும்தான் ஜாஸ்தி, வேற என்ன குறை?" என்று தங்கையிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

சித்தி வெளியே போகும்போதும் அவள் கைப்பையைச் சித்தப்பா பார்ப்பார், திரும்பி வரும்போதும் பார்ப்பார். அவளுடைய அடையாள அட்டை, ஐசி, அவர் அலமாரியில் கிடந்தது. ஐசி இல்லாமல் இந்த நாட்டில் ஒரு வேலைக்கும் போக முடியாது, ஒரு வீடும் வாடகைக்குக் கிடைக்காது. ஆனால் தலைமையாசிரியையே போன் போட்டுக் கேட்ட வேலைக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பெருமையும் பட்டார். விழாவுக்கு முன் ஆறு வாரம் சித்தி அளவெடுக்க, ஜரிகை வாங்க, போட்டுப் பார்க்க என்று பள்ளிக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் போய் வந்தாள். கூடவே நான் போக வேண்டும் என்பது சித்தப்பாவின் நிபந்தனை.

ஆறு ராணிகளில் மூன்று பேர் சரித்திரத்தில் வாழ்ந்தவர்கள், மூன்று பேர் கதையில் மட்டும். நிகழ்ச்சித் தாளில் அவர்களுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. எங்களுக்கு அவர்கள் குதிரை ராணி, வாள் ராணி, கப்பல் ராணி, நாக ராணி, மலை இளவரசி, நிலா ராணி. கடைசி ராணியை எங்கள் டீச்சரே கற்பனை செய்திருந்தார். கதை ராணிகள்தான் சித்திக்குச் சுலபம். "சரித்திர ராணிக்கு ஒரு பொத்தான் தப்பாப் போனாலும் எந்த வாத்தியாராச்சும் எழுந்து நின்னு கேப்பாரு. நிலா ராணிய யாரு பார்த்தா?" என்பாள். சீன அண்டை வீட்டார் கொடுத்த மூன்கேக் தகரப் பெட்டிகளை வெட்டிக் கிரீடம் செய்தாள். பழைய திரைச்சீலைகள் பாவாடைகளாயின. வாள்களையும் கிரீடங்களையும் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தங்க நிறம் அடித்துக்கொண்டு வந்தது சித்தப்பா. மூன்று கோட் அடித்திருக்கிறேன், மழையில் நனைந்தாலும் போகாது என்றார். அத்தனை ராணிகளும் அவர் பூசிய தங்கத்தில்தான் மின்னினார்கள்.

நான் வாள் ராணி. கணவனை எதிரி கொன்ற பிறகு படை திரட்டிக் கோட்டையைத் திரும்பப் பிடித்தவள். அவளுக்கு வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி என்று சித்தி முடிவு செய்ததும் அம்மா குதித்தாள்.

"சின்னப் பிள்ளைக்கு அந்தக் கோலமா? வீட்டுக்கு ஆகாது. மஞ்சள் சீலை கட்டு, பொட்டு வை."

"அந்தம்மா புருஷன் செத்தப்புறம்தான்கா ராணி. அதுக்கு முன்னால வெறும் ராஜா பொண்டாட்டி."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். சித்தி ஊக்குகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் மஞ்சள் சேலை, பெரிய பொட்டு என்று தீர்ந்தது. எனக்கு அதில் ஏக சந்தோஷம், மஞ்சள்தான் மேடையில் எடுப்பாகத் தெரியும்.

சித்தியின் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு ராணிக்கும் ஒரு பை. முதலில் உடுத்துவது மேலே, கடைசியில் சூட்டும் கிரீடம் அடியில். பையின் மேல் பட்டியல் ஒட்டியிருக்கும். நான் பட்டியலைச் சத்தமாகப் படிப்பேன், அவள் ஒவ்வொன்றாக உள்ளே வைப்பாள். பட்டியல் இல்லாத பை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். என்னை அந்தச் சட்டத்தில் நன்றாகப் பழக்கிவிட்டாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பள்ளி ஸ்டோர் அறையில் ஏழாவதாக ஒரு பையைக் கண்டேன். பட்டியல் இல்லை. திறந்தேன். மேலே மலாய்ப் பெண்கள் உடுத்தும் ஒரு பாஜு குரோங், தலையை மூடும் ஒரு தூடோங், ஒரு ஜோடி சிலிப்பர். அடியில் ஒரு ஃபைல். சித்தி கதவருகே வந்து நின்றாள்.

"இது யாருக்கு சித்தி? ஆறு பேர்தானே?"

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை.

"இது தப்பிச்சுப் போற ராணி பாப்பா. கோட்டையச் சுத்தி எதிரிங்க ஆளு. ராணி மாதிரி உடுத்தினா வாசல்லயே பிடிச்சிருவாங்கல்ல? அதான் மாறுவேஷம்."

"பேரு என்ன?"

"பேரு வெளிய தெரியக்கூடாது. மேடைக்கு வந்தப்புறம்தான் எல்லாருக்கும் தெரியணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?"

சரி என்றேன். வகுப்பில் ஒருத்தியிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் பட்டியல் இல்லாத பை என் மனதை அரித்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு தாளைக் கிழித்து, அழகான கையெழுத்தில் பட்டியல் எழுதிப் பையில் ஒட்டினேன். பையைச் சுவரோரம் திருப்பி வைத்தேன், சித்திக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

அந்த ஃபைலில் அவள் ஐசியும், பள்ளிச் சான்றிதழும், பிறப்புப் பத்திரமும் இருந்தன. ஆறு பேரையும் மேடையேற்றிவிட்டு, ஆசிரியர் கழிப்பறையில் உடை மாற்றி, ஜெட்டிப் படகுத்துறைக்குப் போய் ஃபெரி பிடித்து, அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயிலேறி ஈப்போவில் இருந்த பழைய தோழி வீட்டுக்குப் போவது அவள் கணக்கு. ஜெட்டிப் பக்கம் சித்தப்பாவின் கூட்டாளிகள் நிறைய, அதற்குத்தான் தூடோங். கைப்பையைத் துழாவுகிறவர் ஜிகினா கொட்டும் ராணிப் பைகளை மட்டும் துழாவ மாட்டார் என்று கண்டுகொண்டு, துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கடத்தியிருந்தாள். எத்தனையோ வருடம் கழித்துச் சொன்னாள் இதையெல்லாம். தையல் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

விழாவுக்கு முதல் நாள் மாலை சித்தப்பா என்னைச் செண்டோல் சாப்பிடக் கீழே கூட்டிப்போனார். அலமாரியில் ஐசி இல்லாததை அவர் அன்று மதியமே பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு எத்தனை ராணிலா?"

"ஏழு."

"ஆறுன்னுல்ல சித்தி சொன்னுச்சு?"

யாரிடமும் சொல்லக் கூடாதுதான். ஆனால் சித்தப்பா எப்படி யாரோ ஆவார்? கிரீடத்துக்கெல்லாம் தங்கம் பூசியவர். அவருக்குத் தெரியாததா?

"ஏழாவது ராணி மாறுவேஷத்துல தப்பிச்சுப் போவாங்க சித்தப்பா. பாஜு குரோங், தூடோங்லாம் இருக்கு. ஃபைல்கூட இருக்கு."

"அப்படியா? எப்போ தப்பிச்சுப் போறாங்களாம்?"

"நாளைக்கு. எல்லாரும் மேடைக்குப் போனப்புறம்."

அவர் சிரித்தார். தன் கிண்ணத்திலிருந்த சிவப்புப் பயறை எல்லாம் என் கிண்ணத்தில் போட்டார். அன்று வீட்டில் அவர் ஒன்றும் செய்யவில்லை. சித்தி வைத்த ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டோர் அறையிலேயே அலங்காரம் நடந்தது. ஐந்து ராணிகள் தயார். கடைசியாக எனக்குச் சித்தி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையுடன் உள்ளே வந்தார். டீச்சருக்கு வணக்கம் சொன்னார். என் பை சித்தியின் காலடியில் இருந்தது. சுவரோரம் ஐந்து பைகள் காலியாகக் கிடந்தன, ஒன்று மட்டும் புடைத்து நின்றது. அதைத் திருப்பி, நான் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"தப்பிச்சுப் போகும் ராணி. பாஜு குரோங் ஒண்ணு, தூடோங் ஒண்ணு, சிலிப்பர் ஒரு ஜோடி, ஃபைல் ஒண்ணு. எழுத்து முத்து முத்தா இருக்கே. நீ எழுதினதா பாப்பா?"

ஆமாம் என்றேன், தலையை நிமிர்த்தி.

சித்தியின் கை என் தோளில் நின்றுபோனது. அவள் தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் அவர்.

"பிள்ளைய முடிச்சிட்டு வரேன்."

அவர் கைகட்டி நின்றார். சித்தி விட்ட இடத்திலிருந்து மடிப்புகளை மறுபடி அடுக்கினாள். முந்தானையைத் தோளில் வைத்துக் குத்தும்போது ஊக்கு என் சதையில் ஏறிவிட்டது. ஆவென்றேன். அவள் கவனிக்கவில்லை. இன்னொரு ஊக்கும் குத்தினாள், கிரீடத்தைச் சூட்டினாள். "ரெண்டு பின்னு போட்டிருக்கேன். எப்படி ஆடினாலும் அவுராது," என்றாள்.

"பார்க்காமலா போறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுக்கு உடம்பு சரியில்ல டீச்சர்," என்றார் சித்தப்பா. ஏழாவது பையை அவரே தூக்கிக்கொண்டார். பெண்களைச் சுமை தூக்க விடமாட்டார்.

நான் மேடையில் வாளை உயர்த்தி, கோட்டை இனி என்னுடையது என்று முழங்கினேன். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. பிறகு திரைக்குப் பக்கத்தில் நின்று ஏழாவது ராணி வருவாள் வருவாள் என்று பார்த்தேன். அடுத்த நடனம் தொடங்கிவிட்டது. சித்தி ஏமாற்றிவிட்டாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மாவுக்கு விஷயம் சாயங்காலமே வந்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளை நீ சொன்னே. ஊரே சந்தி சிரிச்சிருக்கும்," என்றாள். அவளை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. சித்தி இன்றும் அந்த ஒன்பதாவது மாடியில்தான் இருக்கிறாள். இடது காது அந்த வாரத்தோடு போயிற்று. தையல் மெஷினை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. வளர்ந்த பிறகு நான் மனம் வெடித்து மன்னிப்புக் கேட்டபோது, பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டாள். அவள் பெருந்தன்மை எனக்கு வயிற்றெரிச்சல்.

எனக்கு ஒன்றுமே தெரியாமலும் இல்லை. எனக்கு மற்றவர்களிடமிருந்து என்னென்ன வந்து சேர வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ரவிக்கைத் தோளில் பொட்டளவு ரத்தம் இருந்தது. விழாவுக்கு மறுநாளே போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சித்தப்பா கொஞ்சமாகத் திறந்தார். சித்தி வழுக்கி விழுந்துவிட்டது, படுத்திருக்கிறது என்றார்.

"சித்தி என் தோள்ல பின்னக் குத்திட்டாங்க. ஒரு சாரிகூடச் சொல்லல."

"அப்படியா? சொல்லச் சொல்றேன் பாப்பா."

சொன்ன சொல் தவறாதவர் அவர். நான்காம் நாள் பள்ளிவிட்டு வரும்போது சித்தி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் சித்தப்பா நின்றார்.

"சாரி பாப்பா. தெரியாமக் குத்திட்டேன்," என்றாள். வாய் சரியாகத் திறக்கவில்லை.

நான் கொஞ்ச நேரம் அவளைக் காக்க வைத்தேன். பிறகு, "பரவால்ல சித்தி. இனிமே பார்த்துக் குத்துங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.