மூன்றாவது பாடு முடிந்த மறுநாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழவேற்காட்டில் என்னிடம் பியானோ படித்த பிள்ளைகளைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கோடையில் நான் கோபப்பட்டிருக்க வேண்டியது யார் மேல் என்பதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எங்கள் வீடு டச்சுக் கல்லறைக்கு அடுத்த தெருவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடுவில் யாராவது காரை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கல்லறைக்கு வழி கேட்பார்கள். "இடது கை வாசிக்கட்டும், வலது கையால வழியைக் காட்டு" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். பியானோ கரண்டில் ஓடுவது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உப்புக் காற்று பட்டுக் கெட்டுப்போகக் கூடாதென்று எப்போதும் போர்வை போர்த்தி வைத்திருப்பேன். மே மாதத்தில் கரண்ட் போனால் பிள்ளைகளை மேஜையில் விரலால் தட்டி வாசிக்கச் சொல்வேன். சும்மா உட்கார விட்டதில்லை.

அந்த வருடம் பரீட்சைக்குப் போனவள் ஒருத்தி மட்டும். பக்கத்து மீனவர் ஊரான தோணிரேவுப் பெண், பத்தாவது எழுதிவிட்டு லீவில் இருந்தாள். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். ஐந்தாம் கிரேடு தேறினால் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்கும் என்று உறுதி சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சர்டிபிகேட் வேண்டும். வீட்டில் அவளுக்குப் பெட்டியே வாங்கிவிட்டார்கள். அவள் அம்மா என்னிடம், "எங்க ஊட்ல மொத மொதல்ல ஏரியத் தாண்டிப் போறது இவதான் டீச்சர்" என்று சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

பரீட்சை சென்னையில். ஹால் டிக்கெட் வந்ததும் நானே வைத்துக்கொண்டேன். கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று நினைப்பு. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் தேதியை ஒருமுறை சொன்னேன். அம்மா விழித்தாள். லீவில் யாருக்குத் தேதி நினைவிருக்கும்? அந்த ஊர்களில் ஏரியில் இன்றைக்கு யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாடு மூன்று நாளைக்கு ஒருதரம் வரும். வீட்டுக்குச் சோறு அதில்தான் என்பதால் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். நானும் அவர்களில் ஒருத்தி மாதிரி, "உங்க மூணாவது பாடு முடிஞ்ச மறுநாள். காலைல ஏழரைக்குப் பொன்னேரி ஸ்டேஷன்ல இருக்கணும்" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. பார், இவர்களுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே மிதப்பு.

நாலைந்து நாளில் தோணிரேவில் ஒரு சாவு. அன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லி, நானே மாலை வாங்கிக்கொண்டு போய் வந்தேன். சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள், பாடு ஒரு நாள் தள்ளிப் போகும். அது எனக்கும் தெரியும். கரையில் படகுகள் சும்மா கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். பரீட்சை மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பரீட்சைக்கு முந்தின இரண்டு நாளும் நான் பழவேற்காட்டில் இல்லை. என் கணவருக்குக் காட்டுப்பள்ளியில் வேலை. வீட்டைப் பொன்னேரிக்கு மாற்றலாம் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அங்கேயே நாத்தனார் வீட்டில் தங்கி வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியா தரைத்தளமா, பியானோவை எங்கே வைப்பது என்று ஒரே சண்டை. தோணிரேவுக்கு ஒரு போன் போட்டுப் பேசியிருக்கலாம். போடவில்லை.

காலை ஏழரைக்கு ஸ்டேஷனில் ஆள் இல்லை. ஏழே முக்காலுக்கும் இல்லை. என் கண் முன்னால் ஒரு ரயில் வந்து போனது. என்ன பொறுப்பில்லாத ஜனங்கள் என்று கொதித்துப்போய் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"இன்னா டீச்சர் காலங்காத்தால?"

"எங்கே இருக்கீங்க?"

"கரைலதான். இன்னிக்கு எங்க பாடு. பொண்ணும் நானும் வலைலேருந்து எறா எடுத்துகினு இருக்கோம். நாளைக்கு டிரெஸ் இஸ்திரி போட்டு வச்சிட்டா."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்ததில் பாடு ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. "இன்னிக்குத்தாம்மா பரீட்சை" என்றேன்.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. ஷேர் ஆட்டோ கிடைக்காமல், பஸ் நின்று நின்று வந்து, பெண் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஒன்பதே கால். தலை வாரவில்லை. விரலெல்லாம் இறால் முள் குத்திச் சிவந்திருந்தது. ரயிலில் மடியில் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த நேரம் பத்து இருபது. நாங்கள் படி ஏறும்போது பதினொன்றேகால். மேஜையில் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினாள். அன்றைய பட்டியல் முழுதும் நிரம்பியிருக்கிறது, இனி அடுத்த பரீட்சைக்குத்தான் என்றாள். அது ஜூனைத் தாண்டித்தான் வரும், சென்னைப் பள்ளிக்கூடத்து இடம் போய்விடும். நான் கெஞ்சினேன். பெண் திரும்பிப் படி இறங்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் அவளைத் தோணிரேவில் கொண்டுபோய் விட்டேன். அவள் அப்பா வலை உலர்த்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க தேதி சொல்லலியா டீச்சர்?"

"சொன்னேன்" என்றேன். பொய் இல்லை. ஒருமுறை சொல்லியிருந்தேனே.

அவள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷனிடம், "நாந்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றாள். "ஒரு நாளு எண்ணத் தெரியல, உன்ன நம்பிப் பொண்ண மெட்ராசுக்கு அனுப்பப் பாத்தனே" என்று அவர் கத்தினார். நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன் என்று வெளியே தெரிந்தால் மற்ற பிள்ளைகளை யார் என்னிடம் அனுப்புவார்கள் என்று ஓடியது என் மனசு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஓடியது.

ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் வகுப்புக்கு வரவில்லை. பத்தாம் நாள் காலையில் தோணிரேவுக்குப் போனேன். அவள் அப்பா படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பாடு வைத்து நாள் சொன்னது நான்தான், சாவு விழுந்ததும் எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரம்மா மேல் தப்பே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் இறைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர். நீங்க அந்தாண்ட போனதுமே பொண்ணு சொல்லிட்டா. ஊட்டுக்காரி கிட்ட அன்னிக்கே மன்னிப்பு கேட்டுகினேன். நீங்க எப்ப வந்து சொல்லுவீங்கன்னுதான் பாத்துகினு இருந்தோம்."

"அடுத்த பரீட்சைக்கு நான் காசில்லாமல் சொல்லித் தரேன். தினமும் வரட்டும்" என்றேன்.

"பரீட்சை எழுதுவா டீச்சர். அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல." அவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொன்னேரில வேற ஒருத்தர் கிட்ட சேத்துட்டோம். திங்கக்கெழமைலேருந்து போறா."