இடைவெளி விட்ட எழுத்துகள்

தகட்டில் எழுத்து வெட்டும் தொழிலில், வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவதற்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். கடை வைத்து வாய் வலிக்கும் சக பாவப்பட்டவர்களே, கேளுங்கள். தகட்டை வைத்து மேலே பெயிண்ட் அடிக்கும் ஸ்டென்சில் எழுத்தில் அங்கங்கே சின்ன இடைவெளி இருக்கும். அதை விடாவிட்டால் ‘ம’வின் வயிறு கழன்று விழுந்துவிடும். செஞ்சி பஜாரில் இதை நான் சொல்லாத நாள் கிடையாது.

நெல் மூட்டை

ஒரு நெல் வியாபாரி மூட்டையில் குத்த ‘ம.க.’ கேட்டார். பெயரில் கீறல் இருந்தால் வியாபாரம் விளங்காது என்று ஒரே பிடிவாதம். சரி, பட்டால்தான் தெரியும் என்று இடைவெளி விடாமல் வெட்டிக் கொடுத்தேன். மூட்டைகளில் இரண்டு கறுப்புக் கட்டிகள் விழுந்தன. மறுநாளே வந்தார்.

“மார்க்கெட் கமிட்டில எவனுக்கும் என் மூட்ட அடையாளம் தெரியல. கீறலோடவே குடும்மா, இன்னா பெரிய கீறல்!”

பிரியாணிக் கடை

சென்னையில் இருந்து திரும்பிய ஒருவர் பிரியாணிக் கடை திறந்தார். ஃபேக்டரி பெட்டிகளில் இருக்குமே, அந்த மாதிரி முரட்டு எழுத்துதான் இப்போது ஸ்டைல் என்றார். சுவர் முழுக்கச் சிவப்பில் அடித்தோம். எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் போனால் ஒரு இடைவெளியையும் காணோம். மளிகைக் கடை வைத்திருக்கும் அவருடைய நைனா பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் நின்றார்.

“பெயிண்ட் பத்தலன்னா சொல்லக் கூடாதாம்மா? நானே ரொப்பிட்டேன்.”

லூர்து மேரி

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தோணி என்ற விவசாயி வந்தார். அந்த வருஷம்தான் மனைவி இறந்திருந்தார். ரேஷன் கார்டை நீட்டி, அதிலிருக்கும் மனைவி பெயரைக் கல்லறைச் சிலுவையில் பெயிண்டால் பதிக்க வெட்டித் தரச் சொன்னார். பெயிண்டர் எழுதித் தருவாரே என்றேன். “நான் கைநாட்டும்மா. அவ பேரையாவது நானே எழுதணும்” என்றார்.

அவர் பயமெல்லாம் தகட்டைத் தலைகீழாக வைத்துவிடுவோமோ என்பதுதான். ஊரே பார்க்குமே. தகட்டின் ஒரு மூலையைக் கத்தரித்து, அது வலது கைப் பக்கம் மேலே வரணும் என்று காட்டினேன். ஒரு அட்டைப் பெட்டியில் அடித்துப் பார்த்தார். தகட்டை எடுத்ததும் பெயர் நேராக நின்றது. அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலுவையாயிற்றே என்று எனக்கே மனசு கேட்கவில்லை. காய்ந்ததும் படித்த பிள்ளை யாரையாவது விட்டு இடைவெளியை அடைத்துவிடுங்கள் என்றேன்.

“வேணாம்மா. இப்டியே இருந்தாத்தான் நான் எழுதுனதுன்னு அவளுக்குத் தெரியும்.”

பெயிண்டோடு பிழைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வசதி, கண் கலங்கினால் நெடி என்று சொல்லிவிடலாம்.