பிறேமா அக்காவின் முதற் கட்டம்

ஜேர்மனியின் கிறேபெல்ட் நகரில் பிறேமா அக்காவைப்போல் கவனமான ஆளை நான் கண்டதில்லை. கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் 1994இல், கார் ஓட்டுவதற்கான எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டால் எனக்கு எரிச்சல் வராதா? சரியான விடையின் கட்டத்துக்குள் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போடவேண்டும், அவ்வளவுதான். புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

தேறினால், வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை. தேறாவிட்டால், முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டுக் கழுவவேண்டியதுதான். புது வேலையை மாத முடிவு வரைக்கும்தான் அவருக்காக வைத்திருப்பார்களாம்.

இரண்டாம் முறை தவறியதும், மொழிபெயர்க்க என்னைப் பரீட்சை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி விடைத்தாளை விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் முதற் கேள்வி மட்டும் பிழை. வயோதிபர் ஒருவர் வீதியைக் கடக்கிறார், என்ன செய்வீர்கள்? "நிறுத்துவேன்" என்பதற்கும் புள்ளடி. அதற்கு மேலே இருந்த "ஹோர்ன் அடித்து வேகமாகப் போவேன்" என்பதற்கும் புள்ளடி!

"இதுக்கு ஏனக்கா போட்டனியள்?"

"அது விடையில்லை, தம்பி. சிலுவை."

மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். பக்கத்தின் மேல்மூலையில் சின்னச் சிலுவை கீறாமல் எதையும் எழுதத் தொடங்கமாட்டார். இந்தத் தாளில் மேல்மூலையில் இருந்ததோ முதற் கட்டம். நானும் பிள்ளையார் சுழி போட்டு எழுதி வளர்ந்தவன்தான், ஆனாலும் சிரித்துவிட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. கட்டத்துக்குள் எது கிடந்தாலும் அது விடைதான் என்றார்.

"அடுத்தமுறை கீறாதேங்கோ அக்கா."

"ஆண்டவரை வெளியில விட்டிட்டு நான் மட்டும் உள்ள போறதே?"

"ஓம். வேலை வேணுமெண்டால் அப்பிடித்தான்."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்துவிட்டார்.

மூன்றாம் முறை நான் வாசலில் காத்து நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"திரும்பவும் கீறிப்போட்டியளே?"

"இல்லை. ஒரு பிழையும் இல்லையாம். பாஸ்."

"பிறகேன் அழுறியள்?"

"அவரில்லாமலே பாஸ் பண்ணிப்போட்டன் தம்பி. அதுதான் பயமாக் கிடக்கு."