பி ஒன்பது

1. முதல் மாதம்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லேபில் ரிப்போர்ட் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அடி அண்ணாமலையில் தமிழ் மீடியம் படித்தவள். டைப்பிங்கில் ஹையர் பாஸ். இன்டர்வியூவில் டாக்டரம்மா, "மெடிக்கல் வேர்ட்ஸ் தெரியுமாம்மா?" என்றார். "தெரியும் மேடம்" என்றேன். பழைய மெடிக்கல் டிக்‌ஷனரி ஒன்றை இரண்டு மாதம் மனப்பாடம் செய்திருந்த தைரியம்.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டே ரிசல்ட்டை டேப்பில் பேசிவிடுவார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கால் பெடலால் நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடிக்க வேண்டும். 'சோரியாசிஸ்' என்று கேட்கும். எஸ் வரிசையில் தேடினால் இருக்காது. பி வரிசையில் இருக்கும். நிமோனியாவும் அப்படித்தான். நான் படித்ததெல்லாம் கண்ணால் படித்தது. எந்த வார்த்தையையும் ஒருவர் வாயால் கேட்டதில்லை. எழுந்துபோய்க் கேட்டால் இன்டர்வியூவில் சொன்னது பொய்யாகிவிடும் என்று கேட்காமலே சமாளித்தேன்.

2. மெத்தைக் கடை பாய்

மெத்தை தைக்கும் பாய் ஒருவரின் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. அதிலிருந்து எடுத்த சதைத்துணுக்கு எங்கள் லேபுக்கு வந்திருந்தது. டேப்பில் கடைசி வரியாக 'பி நைன்' என்று கேட்டது. வைட்டமினில் பி 12 இருக்கிறதே, இதுவும் ஏதோ கோடு என்று நினைத்து, பி எழுத்தையும் பக்கத்தில் 9-ஐயும் அடித்தேன். டாக்டரம்மா வேலூர் கிளம்பும் அவசரத்தில் எல்லா ரிப்போர்ட்டிலும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை பாய் வந்தார். ரிப்போர்ட்டை என் மேஜையில் விரித்தார்.

"சொந்தக்காரப் பையன் பாத்துட்டு, ஒம்பதாவது ஸ்டேஜா இருக்கும், ரொம்ப ஜாஸ்தினு சொல்லிட்டாம்மா. என் பொண்டாட்டி நூர்ஜஹான் நேத்துலேந்து சாப்புடல. ஆரணிலேந்து தங்கச்சிய வரவெச்சு, என் பொண்ண நீதான் பாத்துக்கணும்னு சொல்லிக்கினு இருக்கா. இன்னும் எத்தினி நாளுன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.

"மேடம், பி நைன்னா என்னங்க?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஒரு சீட்டில் பி, இ, என், ஐ, ஜி, என் என்று எழுதிக் காட்டினார். எனக்குத் தெரிந்த வார்த்தை. 'பெனிக்ன்' என்று மனதுக்குள் படித்து, 'தீங்கற்றது' என்று அர்த்தமும் ஒப்பித்துவைத்திருந்த வார்த்தை. அதைப் 'பினைன்' என்று சொல்வார்கள், ஜி ஊமை என்பது தெரியாது. கெட்ட கட்டிக்குச் சொல்கிற 'மலிக்னன்ட்'டில் மட்டும் அந்த ஜி வாய் திறக்கிறது.

"கையெழுத்து நான் போட்டது, தப்புல எனக்கும் பங்கு இருக்கு" என்றவர், பாயைக் கூப்பிட்டு, "புற்றுநோய் இல்லங்க பாய், சாதாரணக் கட்டிதான்" என்றார். பாய் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "நான் சொன்னா அவ நம்பமாட்டா. ஆறுதலுக்குச் சொல்றேன்னுவா."

"நீ போய்ச் சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா என்னிடம்.

புது ரிப்போர்ட்டோடு பாயின் டிவிஎஸ் பின்னால் உட்கார்ந்து போனேன். நூர்ஜஹான் அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ஒம்பத அடிச்சது நீயா?"

"ஆமாக்கா."

திட்டுவார் என்று நின்றேன்.

"அந்த வார்த்தைய இன்னொரு தபா சொல்லு."

"பினைன்."

அவர் மெதுவாக மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பி, "ஒலைய வையி, பசிக்குது" என்றார்.

3. அதற்குப் பிறகு

அன்று மத்தியானம் ஒரே டேப்புக்குப் பதினோரு தடவை எழுந்துபோய்க் கேட்டேன். டாக்டரம்மா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் வேகமான குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. இப்போது டாக்டர்கள் பேசப் பேச கம்ப்யூட்டரே அடித்துவிடுகிறது. அதைப் படித்துச் சரிபார்ப்பது என் வேலை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தெரியாத வார்த்தையைக் காது சும்மா விடாது, தெரிந்த ஒன்றாக மாற்றிக் கொடுத்துவிடும். சந்தேகமே வராமல் நாம் அடித்துவிடுவோம். அர்த்தம் உட்காராத வரியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கேளுங்கள். வெட்கம் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். நான் கேட்காமல் விட்டதற்கு இன்னொருத்தி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள்.