நான் சம்மாட்டியாக இருந்த பதினெட்டு நாட்கள்

புத்தளத்தில் என் கந்தோருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடன் கொடுத்தவர்கள். மற்றப் பாதிப்பேர் நான் யாருக்காகப் பேசுகிறவன் என்று தெரியாமல் வந்தவர்கள். முறிந்துபோன வியாபாரங்களிலிருந்து கடன் கொடுத்தவனுக்கு எதையாவது மீட்டுக் கொடுப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் பிழைப்பு. அதில் எனக்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், கலியாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இலேசில் யாரும் உட்காரமாட்டார்கள். கனமூலையில் சொந்தத் தங்கச்சி வீட்டு விருந்துக்குப் போனபோதுகூட, நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் மச்சான் புது டீவியைப் போர்வையால் மூடினார். பகிடிக்குத்தான் என்றார். சாப்பிட்டு முடியும்வரை போர்வையை எடுக்கவில்லை.

பறித்த சாமான்களும் ஒரு தினுசானவை. முந்நூறு பிளாஸ்டிக் கதிரைகள் பறித்திருக்கிறேன். ஒரு சலூனின் சுழல்கதிரையைப் பறிக்கப் போனபோது அதில் பாதிச் சவரத்தோடு ஒரு மனுசர் இருந்தார். மறுபாதி முடியும்வரை வாசலில் நின்றோம். ஆனால் அந்தக் கரைவலை வழக்கைப் போல வேறெதுவும் என்னை முட்டாளாக்கியதில்லை.

குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி ஒரு கடற்கரை. கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அங்கே பதினெட்டுச் சம்மாட்டிகள். ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்து வலை போடுவார்கள். அவர்களில் ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், இறால் பண்ணை போடுவதற்குக் கொழும்பு நிதிக் கம்பனி ஒன்றிடம் கடன் எடுத்து, வலையையும் தன் முறையையும் ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார். இறாலுக்கு நோய் வந்து பண்ணை ஒரே கிழமையில் காலி. கம்பனி என்னிடம் வந்தது. நான் வழக்கை வென்று, வலையைப் பறித்து, நீதிமன்றக் களஞ்சியத்தில் பூட்டுவித்தேன். வெகு கெட்டித்தனமாக ஒரு வேலை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சம்மாட்டி கந்தோருக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“லோயர், தொடந்து மூணு தரம் வல போடாட்டி எங்கட கரையில முற அழிஞ்சி போகும். ரெண்டு தரம் போயிட்டு. வாற செவ்வாக்கெழம மூணாவது. வல ஒங்கட பூட்டுக்குள்ள ஈக்கிது.”

“அதுக்கு நான் என்ன செய்ற, நானா?” மூத்தவரை நாங்கள் நானா என்போம்.

“முற அழிஞ்சா ஒங்கட கம்பனிக்கும் ஒண்டும் மிஞ்சா. முப்பது வருசமா எண்ட பேர்ல ஈக்கிற முற. எனக்கு வேற ஒண்டும் வேணாம். அது எண்ட பேர்ல ஈக்கோணும்.”

மனுசர் சொன்னது சரி. விற்பதற்காகப் பறித்த சாமானை நானே சாகடித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டேன். ஒரேயொரு நாளைக்கு வலையைக் கடலில் இறக்கலாம், ஆனால் அது பிஸ்காலின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. பிஸ்கால் என்பவர் நீதிமன்றம் பறித்த பொருட்களைக் காக்கிற உத்தியோகத்தர். சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கட்டளை என்றால் எழுத்துக்கு எழுத்து. பறித்த பொருள் தன் கண்ணைவிட்டு அகலக்கூடாது என்று சொல்லி, கோப்பை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வலையோடு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்து ஆறரை மணி. கயிறு இழுக்கிற நாற்பது பேரும் மணலில் குந்தியிருந்தார்கள். ஒருவரும் எழும்புகிற பாடில்லை. எனக்குப் பத்து மணிக்கு வேறொரு வழக்கு. ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சம்மாட்டியின் தேத்தண்ணி இன்னும் வரவில்லை என்றார்கள். சம்மாட்டி சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, காலி பண்ணினவனே நான்தானே. பொறுமை போய்விட்டது. கரையிலிருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் காசைக் கொடுத்து, நாற்பது பேருக்கும் தேத்தண்ணியும் பாணும் கொடுக்கச் சொன்னேன்.

சம்மாட்டி சாரம் மணலில் புரளப் புரள ஓடிவந்தார். “வேணாம் லோயர். வேணாம் செல்றன். நீங்க குடுக்காதீங்க.”

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, “பரவாயில்ல நானா, நம்மட காசு தானே” என்றேன். இதைப்போல ஒரு மடத்தனமான வசனத்தை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. நாற்பது பேரும் குடித்தார்கள். அவருடைய முகம் செத்துப்போனதை நான் கவனிக்கவில்லை.

வலை வளைத்து இழுத்து முடிய ஒன்பதரை ஆயிற்று. உள்ளே முக்கால்வாசி யாரும் தின்னாத சொறிமீன், கால்வாசி சூடை மீன். வள்ளத்தில் இரண்டு தரம் சத்தி எடுத்திருந்த பிஸ்கால், வழவழவென்று கிடந்த சொறிக் குவியலைப் பார்த்து, இதையும் இருப்புப் பட்டியலில் எழுத வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எழுதத் தேவையில்லை என்றேன். அதை எழுத்தில் தரச் சொன்னார். ஈர மணலில் குந்தியிருந்து, சொறிமீன் சம்பந்தமாக ஒரு சட்ட அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கரைவலைச் சங்கத்துச் செயலாளர் முறை எழுதுகிற சீஆர் கொப்பியை விரித்தார். அன்றைய முறையை யாருடைய பெயரில் எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய பெயரில்.

அந்தக் கரையின் சட்டம் அது. சம்மாட்டிகள் கட்டாரில் வேலைக்குப் போயிருப்பார்கள், காய்ச்சல் வருத்தத்தில் படுத்திருப்பார்கள், பங்கு பிரிக்கிற நேரம் யாரைக் கேட்பது என்று சண்டை வரும். அதனால், விடியலில் கயிற்றுக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தவர் எவரோ அவர்தான் சம்மாட்டி, முறையும் அவருக்குத்தான். எனக்கு வேண்டாம், அவருடைய பெயரிலேயே எழுதுங்கள் என்றேன்.

“எழுத ஏலா லோயர்,” என்றார் செயலாளர். “அடுத்த முற வரக்குள்ள அவர் தேத்தண்ணி குடுக்கட்டும், திரும்பிரும்.”

“அப்ப அந்தக் காச நான் அவருக்குக் குடுக்கிறன்.”

“அப்பயும் அது ஒங்கட தேத்தண்ணி தானே.”

ஊரில் கடன் வாங்கினாலும் அதே கதைதான், கொடுத்தவருடைய தேத்தண்ணியாகிவிடும். சம்மாட்டி தன் உழைப்பில் கொடுக்க வேண்டும். அவர் குனிந்து, மணலில் கிடந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது.

பிறகு கம்பனிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் அல்லவா? முறை கடன்காரர் பெயரில் இருந்தால்தான் அதை ஏலம் போடலாம். இப்போது அது கம்பனியின் சொந்த லோயர் பெயரில் இருக்கிறது என்று நாலு பக்கம் எழுதினேன். ஈட்டுப் பொருளை வைத்திருக்கிற மூன்றாம் நபருக்கு உடனே கோரிக்கைக் கடிதம் அனுப்பவும் என்று பதில் வந்தது. மூன்றாம் நபர் நான். எனக்கு நானே காரசாரமாக ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, இரண்டாம் நாள் தபால்காரரிடம் கையெழுத்து வைத்து எடுத்தேன். பதினான்கு நாளுக்குள் பதில் தராவிட்டால் வழக்கு என்று அதில் மிரட்டியிருந்தேன். பதில் போடவில்லை. வீட்டில் மனுசி, “அப்ப நான் இப்ப சம்மாட்டிட பொஞ்சாதியா, மீன் எங்க?” என்று தினம் ஒரு தரம் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் சம்மாட்டி என்ன செய்கிறார் என்று பிஸ்கால் வந்து சொல்லியிருந்தார். முப்பது வருடம் கரையில் நின்று மற்றவர்களை ஏவிய மனுசர், மற்றச் சம்மாட்டிகளின் வலையில் கூலிக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். பதினேழு நாள், பதினேழு பேருடைய தேத்தண்ணி. கிடைத்த பங்கு மீனை விற்றுச் சேர்த்தாராம்.

பதினெட்டாம் நாள் மறுபடியும் கட்டளை வாங்கி வலையைக் கொண்டுபோனோம். பிஸ்கால் இந்தத் தரம் சத்தி வராமலிருக்க முகர்வதற்கு இரண்டு தேசிக்காயோடு வந்திருந்தார். என் பையில் ஏல அறிவித்தல் இருந்தது. பெயர் திரும்பிய கையோடு கொடுக்கச் சொல்லிக் கம்பனி அனுப்பியது. அதை நான் சம்மாட்டியிடம் சொல்லியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதலாம், அன்றைக்கு அதைத் தொழில் ஒழுங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய கேத்தலும் பாணுமாக அவரும் மனைவியும் வந்தார்கள். சீனி காணாது போல, உள்ளங்கையில் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு. தானே ஒவ்வொருவராக ஊற்றிக் கொடுத்தார். நாற்பது பேரும் முடிய, கேத்தலைச் சரித்து அடியில் கிடந்ததை ஒரு கோப்பையில் வடித்து என்னிடம் நீட்டினார். குடித்தேன். இந்தத் தரம் வலை இறக்கும் முன்பே செயலாளர் கொப்பியில் அவருடைய பெயரை எழுதி, வாசித்தும் காட்டினார்.

சம்மாட்டி என்னிடம் வந்தார். “இப்ப எண்ட பேர்ல ஈக்கிது. அந்தக் கடதாசியத் தாங்க.”

“எந்தக் கடதாசி?”

“ஏலத்துக்கு. தெரியும் லோயர். போறதெண்டாக் கடனுக்குப் போகட்டும். ஒரு தேத்தண்ணிக்குப் போச்செண்டு எண்ட புள்ளைகளுக்கு ஆரும் செல்லப் படா.”

கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவர் கடதாசியை வள்ளத்து விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நனையாமல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வாகனத்துப் பக்கம் திரும்பினேன்.

“எங்க போறீங்க?” என்றார் சம்மாட்டி. “எண்ட தேத்தண்ணி குடிச்சீங்க தானே. சப்பாத்தக் கழட்டிப்போட்டு வந்து கயித்தப் புடிங்க.”