உள்ளங்கையைத் திருப்பிய படம்

முன்பேரச் சந்தையில் அவரைக் கைகாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அறுக்கப்போகிற சோளத்துக்கு இன்றைக்கே விலை பேசி வாங்கி விற்கிற இடம் அது. கூடத்தின் நடுவே படிப்படியாக இறங்கும் வட்டப் பள்ளம். இருநூறு பேர் அதில் நின்று கத்தினால் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது. அதனால் எல்லாம் கைஜாடைதான். வாங்குகிறவன் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பித் தோளோடு வைத்துக்கொள்வான். விற்கிறவன் உள்ளங்கையை எதிரே நீட்டுவான். ஒரு தரகு நிறுவனத்துக்காக இருபத்திரண்டு வருஷம் அங்கே நின்று கை காட்டியவர், ஒருநாள்கூடத் தவறாகக் காட்டியதில்லை.

அந்த மனிதரைத்தான் சந்தைச் செயலாளர் ஒரு சினிமாக் கூட்டத்திடம் தள்ளிவிட்டார். நகைச்சுவைப் படம். அரசாங்கம் வெளியிடப்போகும் விளைச்சல் அறிக்கையை இரண்டு ஏழைகள் முன்கூட்டியே திருடி, இரண்டு கிழட்டுக் கஞ்சர்களைப் போண்டியாக்குகிற கதை. கடைசிக் காட்சியை விடுமுறை நாளில் நிஜக் கூடத்திலேயே எடுக்கப்போகிறார்கள். துணை நடிகர்களுக்கு ஜாடை சொல்லித்தர ஆள் வேண்டும்.

கைகாட்டி மூன்று நாள் லீவு போட்டு, ஒரு நோட்டு நிறைய ஜாடைகளைப் படம் போட்டு எழுதினார்.

"என்னங்க, பரீட்சைக்கா போறீங்க? அவங்களுக்குச் சிரிப்பு வந்தா போதும்" என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் நடந்தது.

டைரக்டர் கூடத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர். எதையும் உள்ளபடி பார்த்துவிடக் கூடாது என்று வைராக்கியம் போலிருக்கிறது. கைகாட்டி கதையைக் கேட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், அறிக்கையைத் திருடி வந்து வியாபாரம் பண்ணா அது திருட்டாச்சே. இதுல கதாநாயகன் யாரு?"

"திருடனுக்கு முகம் லட்சணமா இருந்தா அவன்தான் சார் கதாநாயகன்."

பிறகு எல்லோரும் பேரம் குறித்த சீட்டுகளை வாரி வானத்தில் எறியவேண்டும் என்றார் டைரக்டர். "அது ஒவ்வொரு பேரத்துக்கும் சாட்சி சார், யாரும் எறிய மாட்டாங்க" என்றார் கைகாட்டி. மழை மாதிரி விழுந்தால் அழகாக இருக்கும் என்று பதில் வந்தது.

கடைசியில் வந்தது பெரிய வினை. கதைப்படி நாயகர்கள் கையில் சரக்கில்லாமலே முதலில் விற்கவேண்டும். அறிக்கை வந்து விலை சரிந்ததும் மலிவாக வாங்கிக் கணக்கை நேர்செய்து லாபம் பார்க்கவேண்டும். விற்பதற்குக் கையை நீட்டினால் நாயகன் முகம் கேமராவுக்கு மறைந்தது.

"கையைத் திருப்பித் தோள்கிட்ட வச்சுக்கச் சொல்லுங்க."

"அப்படி வச்சா வாங்கறதா ஆயிடும் சார்."

"பாக்கிறவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே!"

"நீங்க ஒரு டிக்கெட்டுதானே வாங்குவீங்க?"

கை திரும்பியது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பேராசிரியர் ஒருவர், முன்பேர வர்த்தகத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய படம் வேறில்லை என்று பத்திரிகையில் எழுதினார். பள்ளத்தை ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவருக்கு எல்லாம் தெளிவாகத்தானே இருக்கும்! டீக்கடை பெஞ்சில்கூட, "முதல்ல வித்துடணும், அப்புறம் வாங்கணும், அவ்வளவுதான்" என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். அறிக்கையைத் திருடவேண்டும் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. 'ஆலோசனை' என்று திரையில் கைகாட்டியின் பெயர் இரண்டு நொடி வந்தது. மனைவி பெருமை தாங்காமல் நான்கு தடவை பார்த்தாள். அவர் ஒரு தடவையோடு சரி. தலைவலி என்று பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் பள்ளத்தில் புதிதாக ஒருவர் இறங்கினார். பெரிய துணிக்கடைக்காரரின் மாப்பிள்ளை. மாமனார் பணத்தில் உறுப்பினர் அட்டை, பதினோரு தடவை படம் பார்த்த ஞானம். அந்த வாரம் நல்ல மழை. சோளம் கொட்டப்போகிறது, விலை விழும் என்று சரியாகவே கணித்தார். கணித்து என்ன? விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, படத்து நாயகனைப் போலவே உள்ளங்கையைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். விலை விழப்போகிற சரக்கை வாங்க ஒரு மகாராஜன் வந்திருக்கிறான் என்று பள்ளமே அவர்மேல் பாய்ந்து விற்றது. கைக்கு வந்த சீட்டுகளைப் படித்தாவது பார்த்தாரா? அதையும் வாரி மேலே எறிந்தார்.

கைகாட்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்வதற்குள் சந்தை முடிகிற மணி அடித்துவிட்டது.

"எவ்வளவு வித்தேன் தெரியுமா சார்?"

"நீங்க விக்கல தம்பி. அவ்வளவும் வாங்கியிருக்கீங்க."

மாப்பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விலை சரிந்தது. அன்றைக்கே மாமனார் புகார் கொடுத்தார். விசாரணைக் குழு தன் உறுப்பினரின் முட்டாள்தனத்தை விசாரிக்குமா? கைகாட்டியைக் கூப்பிட்டது.

"படத்துல உங்க பேருதானே இருக்கு?"

"நான் வேண்டாம்னு சொன்னேன் சார். டைரக்டர் கேக்கல."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், "நான் போகச் சொன்னேன், பேர் போடவா சொன்னேன்?" என்று நழுவிவிட்டார். ஒரு மாதம் கூடத்துக்குள் வரக்கூடாது என்று கைகாட்டிக்குத் தண்டனை. மாப்பிள்ளை துணி கிழிக்கத் திரும்பிப் போனார். அங்கே கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் நஷ்டமில்லை. 'திரைப்படத்தில் வரும் ஜாடைகள் இங்கே செல்லாது' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் அதன் கீழே நின்று, தப்பான ஜாடையையே காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தண்டனை முடிந்த அன்று செயலாளர் குழைந்துகொண்டு வந்தார். "புதுசா சேர்றவங்களுக்கு நீங்கதான் கிளாஸ் எடுக்கணும். முதல்ல அந்தப் படத்தைப் போட்டுடலாம். இல்லேன்னா தூங்கிடறாங்க."

கைகாட்டிக்குக் கோபம்கூட வரவில்லை. இவர்களோடா இத்தனை வருஷம் குப்பை கொட்டினோம் என்று அருவருப்புதான் வந்தது.

"படத்தையே போடுங்க. கிளாசுக்கு டைரக்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, சட்டையில் மாட்டியிருந்த கூடத்து அனுமதி அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

இப்போது தானியக் கிடங்கில் ஈரப்பதம் சோதிக்கிறார். சம்பளம் பாதிதான். மூட்டையில் ஊசிக்குழாயைக் குத்தி, வந்து விழுகிற சோளத்தை உள்ளங்கையில் வாங்கிக் கடித்துப் பார்க்கிறார். ஈரமென்றால் லாரியைத் திருப்பி அனுப்புகிறார். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. சட்டை முழுக்கத் தூசியோடு வருகிறார் என்று மனைவிதான் தினமும் சண்டை போடுகிறாள்.